மாண்டவியில் எங்கள் முதல் பாய்மரப் பயணம்

வங்கிப் பணியில் இருபது ஆண்டுகளைக் கடந்த எவருக்கும் இடமாறுதல் ஆணை புதிதன்று. எங்களுக்குக் கோவா நான்காவது மாநிலம். முந்தைய இரு இடமாறுதல்களின்போது மகளின் படிப்பை முன்னிட்டு ஒருவர் ஓர் ஊரிலும் மற்றவர் வேறோர் ஊரிலுமாக ஏழு ஆண்டுகளைக் கழித்தோம். அவள் கல்லூரி விடுதிக்குச் சென்றபின் பணஜியில் மீண்டும் ஒரே கூரையின்கீழ்க் குடியேறியபோது, மின்கட்டணமும் விடுதிக் கட்டணமும் தவிர எங்களுக்குள் பேசுவதற்கு அதிகம் இருக்கவில்லை. மாலை நடையின்போது ஆற்றில் கண்ட வெள்ளைப் பாய்களே எங்களை ஒரு பாய்மரப் படகுக் கழகத்தின் வாயிலுக்குக் கொண்டு சேர்த்தன. எங்களில் ஒருவருக்கு நீச்சல் தெரியும்; மற்றவருக்குத் தெரியாது. உயிர்காப்பு மேலாடை அணிந்தால் போதும் என்று கழகத்தார் கூறியதைத் தெரிந்தவர் உடனே நம்பினார்.

சில வார இறுதிகள் பயிற்சி பெற்றபின், ஜனவரியில் ஒரு சனிக்கிழமை முதல் பயணம் வாய்த்தது. ஐந்து படகுகள், பணஜியிலிருந்து மாண்டவியின் வழியே மேலேறித் திவார் தீவில் இரவு தங்கி, மறுநாள் காலை திரும்ப வேண்டும்.

கழிமுகத்தை ஒட்டிய ஆற்றில் இயந்திரமின்றிச் செல்வோருக்குக் காற்றும் ஓதமுமே துணை. கடல்நீர் ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆற்றுக்குள் ஏறும். பின் அதே அளவு நேரம் வடியும். நாள்தோறும் இந்த நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். மழைக்காலம் நீங்கிய மாதங்களில் பிற்பகலில் மேற்கிலிருந்து கடற்காற்றும் விடியலில் கிழக்கிலிருந்து நிலக்காற்றும் வீசுகின்றன. அன்று ஓதம் மாலை ஐந்து மணிவரை ஏறும். ஆகவே பிற்பகலில் ஏறும் நீரோடும் கடற்காற்றோடும் மேலே செல்வது. விடியலில் வடியும் நீரோடும் நிலக்காற்றோடும் இறங்குவது. வணிகவியல் படித்த கண்ணுக்கு அந்த ஓத அட்டவணை, இருபுறமும் சரியாகப் பொருந்திய பேரேட்டின் பக்கம்போல அழகாகத் தெரிந்தது.

சூதாட்டக் கப்பல்களைக் கடந்ததும் பாலங்கள் வந்தன. 1970-இல் திறக்கப்பட்ட முதற்பாலம் 1986 ஜூலை 5 அன்று இடிந்து விழுந்தது. இப்போது அங்கே மூன்று பாலங்கள் நிற்கின்றன; அவற்றுள் இளையது 2019-இல் திறக்கப்பட்ட அடல் சேது. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்குப் பாய்மரத்தின் நுனி பாலத்தை இடித்தே தீரும் என்று தோன்றும். இரும்புத்தாது ஏற்றிய பார்ஜுகளே செல்லும் வழியில் எங்கள் சிறுபடகுக்கு இடம் தாராளம். அறிவு ஒப்புக்கொண்டது, கழுத்து ஒப்புக்கொள்ளவில்லை. இருவரும் ஒருசேரக் குனிந்தோம்.

அதன்பின் வலப்புறம் ரிபந்தரின் ஓட்டு வீடுகள், இடப்புறம் சோராவ் தீவின் அலையாத்திக் காடு. பறவையியலாளர் சலீம் அலியின் பெயர் தாங்கிய சரணாலயம் அங்கேதான் இருக்கிறது. பழைய கோவாவின் தேவாலயக் கோபுரங்கள் தென்னைகளுக்கு மேலே தோன்றிய வேளையில் திவாரை அடைந்தோம். அன்றிரவு சிவப்பரிசிச் சோறும் மீன்குழம்பும் உண்டு, நள்ளிரவுவரை பேசிக்கொண்டிருந்தோம். கட்டணங்களைப் பற்றி அன்று.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சோராவை ஒட்டித் திரும்பிக்கொண்டிருந்தோம். சுக்கான் நீச்சல் தெரிந்தவர் கையில் இருந்தது. மற்றவர் கரையோரம் ஒரு பெரிய பறவையைச் சுட்டிக்காட்டினார். நன்றாகப் பார்க்கும் ஆவலில் படகு ஆழமான தடத்தை விட்டு விலகியது. சத்தமே இல்லை; மெத்தையில் அமர்ந்ததுபோல் படகு நின்றுவிட்டது. அடிக்கட்டை சேற்றில் புதைந்திருந்தது.

ஏறும் ஓதத்தில் தரைதட்டினால் சற்றுக் காத்திருந்தால் போதும், நீரே தூக்கிவிடும். வடியும் ஓதத்தில் நிலைமை வேறு. பதினொரு மணிவரை நீர் குறைந்துகொண்டே போகும். சில நிமிடங்களில் மீளாவிடில் பிற்பகல்வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான். முன்னால் சென்ற தலைமைப் படகிலிருந்து ஓய்வுபெற்ற கடற்படை வீரர் ஒருவர் உரக்கக் கூவினார்: இருவரும் ஒரே பக்கம் சாயுங்கள். படகு சரிந்தால் அடிக்கட்டை மேலெழும் என்பதே அதன் கணக்கு. சுக்கானை விடாமல் ஓரளவே சாய முடியும். மற்றவர் பாய்மரத்தைத் தாங்கும் கம்பியைப் பற்றிக்கொண்டு, உடல் நீருக்கு மேலே தொங்கும்படி வெளியே சாய வேண்டும்.

"நான் போகிறேன். மேலாடையை மட்டும் விட்டுவிடாதீர்கள்" என்றார் நீச்சல் தெரியாதவர்.

மேலாடையின் பட்டையை ஒரு கையாலும் சுக்கானை மறு கையாலும் பிடித்திருந்த அந்த நேரம் எவ்வளவு என்பதில் எங்கள் இருவர் கணிப்பும் ஒத்துப்போவதில்லை. படகு சரிந்தது, திரும்பி வந்த தலைமைப் படகு கயிறு வீசி இழுத்தது, சேறு ஒரு பெருமூச்சுடன் எங்களை விட்டது.

ஒன்பதரை மணிக்குப் பணஜியை அடைந்தோம். கழகத்தின் பதிவேட்டில் தரைதட்டிய விவரத்தை எழுதியாக வேண்டும். தணிக்கைக்குப் பழகிய எங்களுக்கு அது நியாயமாகவே பட்டது. சுக்கான் பிடித்தவர் தம் கவனக்குறைவே காரணம் என்று எழுதினார். மற்றவர் அதைப் படித்துவிட்டுப் பேனாவை வாங்கி, 'பறவையைக் காட்டியது நான்' என்று ஒரு வரி சேர்த்தார். அது நாரையா, கொக்கா என்பதை அங்கேயே விவாதிக்கத் தொடங்கினோம், இன்னும் முடியவில்லை.