வீட்டுக்குள்ளே ஒரு படலை

செயற்கைக் கால் பொருத்தி நடப்பவருக்கு அந்தப் பாதத்தில் தொடுகை உணர்வு கிடையாது. தரையில் தண்ணீர் சிந்திக் கிடக்கிறதா, பாயின் ஓரம் மடிந்திருக்கிறதா, நாய் படுத்திருக்கிறதா என்பதையெல்லாம் கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இரவில் மின்சாரம் நின்றால் கண்ணும் உதவாது. படுக்கப் போகும்போது காலைக் கழற்றி வைப்பவர்கள், நடு இரவில் மலசலகூடத்துக்கு ஊன்றுகோலுடன்தான் போகிறார்கள். அந்த நேரத்தில் காலடியில் வந்து குழைகிற நாய் எவ்வளவு பாசமானதாக இருந்தாலும் ஆபத்துத்தான். ஒரு காலை ஏற்கனவே இழந்தவருக்கு மறுகாலில் முறிவு வந்தால் மிஞ்சுவது கட்டில்தான்.

என் அம்மா 2009இல் செல் விழுந்து இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். வீட்டில் ஜிம்மி என்றொரு நாய் நிற்கிறது. பகலில் வளவில் திரியும். இரவில் வீட்டுக்குள் படுக்கும். கட்டிப் போடச் சொன்னவர்கள் உண்டு. நெடுநேரம் சங்கிலியில் கிடக்கும் நாய் மூர்க்கம் கொள்ளும். சங்கிலியே இன்னொரு தடக்கும் பொருளாகிவிடும். ஆகவே வீட்டுக்குள் ஒரு தடுப்புச் செய்வதென்று தீர்மானித்தோம்.

கோழிக்கூட்டு வலை அடிப்பதுதான் மலிவு. அம்மா சம்மதிக்கவில்லை. “கம்பிக்குப் பின்னாலை நாங்கள் இருந்தது காணும், பிள்ளை. உந்தச் சீவனையும் அப்பிடி வைக்காதை” என்றார். மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் மாதக் கணக்கில் இருந்தவரிடம் அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? வலையில் வேறு குறைகளும் உண்டு. நாயின் நகம் கண்ணிகளில் சிக்கும். வெட்டிய கம்பி முனை அதன் கண்ணையும் எங்கள் கையையும் கிழிக்கும். மரச்சலாகையில் ஒரு சின்னப் படலை செய்வதே நல்லது.

எங்கே போடுவது?

மரத்தை வாங்குமுன், வீட்டில் நடக்கச் சிரமப்படுபவரின் இரவுப் பாதையைப் பாருங்கள். கட்டில், விறாந்தை, குசினி, பின்கதவு, மலசலகூடம் என்று அந்த வழி எப்படிப் போகிறதோ, அதில் எந்த இடத்திலும் படலை குறுக்கிடக் கூடாது. நாய்க்கு ஒரு இடத்தை ஒதுக்கி, அதன் வாசலைத்தான் மறிக்க வேண்டும். வீட்டுத் திட்ட வீடுகள் பலவற்றில் உள்ளறைகளுக்கு இன்னும் கதவில்லை, சீலைதான் தொங்குகிறது. நெல் மூட்டை வைக்கும் சின்ன அறை இருந்தால் அதன் வாசல் பொருத்தமானது. ஆட்கள் படுக்கும் அறையையோ வெளியேறும் கதவையோ மறிக்க வேண்டாம். அவசரத்தில் ஓடிவர வழி வேண்டும்.

அளவுகள்

நிலையின் உட்புற அகலத்தை மேலும் நடுவிலும் கீழுமாக மூன்று இடங்களில் அளந்து, குறைந்த அளவை எடுங்கள். 36 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். படலை 35 அங்குலம் இருக்கட்டும்; பிணைச்சலுக்கும் திறந்து மூடவும் மிச்ச ஒரு அங்குலம் வேண்டும். ஊர் நாய்க்கு 3 அடி உயரம் போதும். பாயப் பழகிய பெரிய நாயென்றால் 4 அடி வேண்டும். கீழே 2 அங்குலம் இடைவெளி விடுங்கள். கூட்டித் துடைக்க இலகு.

2 அங்குல அகலமும் 1 அங்குலத் தடிப்பும் உள்ள சட்டத்தில் 34 அங்குலத்தில் இரண்டும் 31 அங்குலத்தில் இரண்டும் வெட்டி, நெடியவற்றுக்கு நடுவே குறுகியவற்றை வைத்துத் திருகாணியால் பூட்டுங்கள். உள்ளே ஒன்றரை அங்குல அகலச் சலாகைகள் எட்டை நிறுத்தினால், இடைவெளி ஒவ்வொன்றும் 2 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும். வளர்ந்த நாயின் தலை அதற்குள் போகாது. குட்டியென்றால் இடைவெளியைக் குறையுங்கள், அல்லது கீழ்ப்பாதிக்குப் பலகை அடியுங்கள். சலாகைகளை நெடுக்காகவே அடிக்க வேண்டும். குறுக்காக அடித்தால் நாய்க்கு ஏணி கட்டிக் கொடுத்தது போலாகும்.

படலை தொங்காமல் இருக்க ஒரு சாய்வுச் சட்டம் தேவை. அது பிணைச்சல் பக்கத்துக் கீழ் மூலையில் தொடங்கி, தாழ்ப்பாள் பக்கத்து மேல் மூலைக்குப் போக வேண்டும். அப்போதுதான் பாரம் பிணைச்சலின் அடியில் இறங்கும். இதை ஆட்கள் நிற்கும் பக்கத்தில் அடியுங்கள்.

பொருத்துதல்

படலை நாயின் அறைக்குள் திறக்க வேண்டும். நிலையில், தாழ்ப்பாள் பக்கத்தில், விறாந்தைப் புறமாக ஒரு சலாகையை நெடுக்காக அடித்தால் மூடிய படலை அதில் போய் முட்டி நிற்கும். நாய் தள்ளும் பலம் முழுவதையும் அந்தச் சலாகை தாங்கும். தாழ்ப்பாள் சின்னதாக இருந்தாலும் போதும். படலை விறாந்தைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கவும் மாட்டாது.

கடைகளில் விற்கும் சில தடுப்புகளில் வாசலின் அடியில் ஒரு குறுக்குச் சட்டம் கிடக்கும். செயற்கைக் காலுக்கும் ஊன்றுகோலுக்கும் அதைவிட மோசமான ஒன்று இல்லை. தரையில் எதுவும் இருக்கக் கூடாது. தாழ்ப்பாளை மேற்பக்கத்தில், குனியாமல் எட்டும் உயரத்தில் பூட்டுங்கள். ஒரு கை ஊன்றுகோலில் இருக்கும்; மற்றக் கையால் மட்டும் திறக்க முடிய வேண்டும். சீமெந்துக் கல் சுவரில் பூட்டுவதானால், முதலில் 2 அங்குல மரக்கட்டை ஒன்றைச் சுவரோடு இறுக்கி, அதில் பிணைச்சலை வையுங்கள். கல்லின் பொள்ளல் பகுதியில் திருகாணி பிடிக்காது. கட்டை வைத்த பிறகு வாசலை மீண்டும் அளக்க மறக்க வேண்டாம்.

மரம் எடுக்கும்போது கவனம்

உடைந்த வீடுகளின் பழைய தீராந்தியையும் பனஞ்சலாகையையும் பாவிப்பது எங்கள் பக்கத்தில் வழமை. அவற்றில் செல் துண்டோ சன்னமோ புதைந்திருக்கலாம். வாள் வைக்குமுன் துளைகளையும் கறுத்த தழும்புகளையும் பாருங்கள். சந்தேகம் என்றால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள். கண்ணிவெடி அறிவிப்புப் பலகை நிற்கும் காணிக்குள் தடி வெட்டப் போகவே வேண்டாம். பழைய பெயின்ற் உரிகிற மரமும் நாய்க்கு ஆகாது. கடித்து விழுங்கினால் அதிலுள்ள ஈயம் நஞ்சு.

நாயைப் பழக்குதல்

முதல் நாள்களில் படலையைத் திறந்தே வைத்து, உள்ளே சாப்பாடு கொடுங்கள். பிறகு ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று மூடிப் பழக்குங்கள். தண்ணீரும் ஒரு பழைய சாக்கும் உள்ளே இருக்கட்டும். ஏசிவிட்டு உள்ளே தள்ளினால் நாய் அந்த இடத்தையே வெறுக்கும். இடி முழங்கும்போதும் தீபாவளிக்கு வெடி கொளுத்தும்போதும் அடைத்துவிட்டுப் போக வேண்டாம். பயந்த நாய் பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொண்டாவது வெளியே வரப் பார்க்கும். சத்தத்துக்கு நடுங்குவது என்னவென்று எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பக்கத்தில் ஒருவர் இருந்தால் அதற்கும் ஆறுதல்.

தடுப்பு இருக்கிறதென்று விசர்நோய்த் தடுப்பூசியை விட்டுவிடக் கூடாது. கடித்தாலோ கீறினாலோ காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

எல்லாம் பூட்டிய பின், யாருக்காகச் செய்தீர்களோ அவரையே பகலில் நாலைந்து முறை திறந்து மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். தாழ்ப்பாள் உயரம் சரியில்லை என்று அவர் சொன்னால் கழற்றி மாற்றுங்கள். மாதம் ஒரு தடவை திருகாணிகளை இறுக்குங்கள். மழைக்காலத்தில் மரம் ஊதிப் படலை இறுகினால் ஓரத்தைக் கொஞ்சம் சீவிவிடுங்கள்.