பில்லைப் படித்த தெருக்கள்

2002 டிசம்பர் 14 அன்று கிழக்கு தில்லியின் சுந்தர் நகரியில், மாநகராட்சியின் பில்களை மக்கள் நடுவில் உரக்கப் படித்தார்கள். எந்தத் தெருவில் என்ன வேலை, எவ்வளவு பணம் என்று படிக்கப் படிக்க, அங்கே குடியிருப்பவர்களே எது இருக்கிறது, எது இல்லை என்று சொன்னார்கள். கைப்பம்புகளுக்கு 29 மின்மோட்டார் பொருத்தியதாகக் கணக்கு. எண்ணிப் பார்த்ததில் 14. சாக்கடை மேல் 253 இரும்புக் கிராதி போட்டதாக பில். தெருவில் இருந்தவை 30. சரிபார்த்த 68 வேலைகளில் 64-இல் முறைகேடு. சுமார் 70 லட்சம் ரூபாய் போன இடம் தெரியவில்லை.

அதற்கு முந்தைய தில்லியில் இது நடந்திருக்காது. வாசலில் சாக்கடை பொங்கினால் ஜூனியர் இன்ஜினியரிடம் போய்க் கெஞ்சலாம். "போன வருஷம் இதற்கு எவ்வளவு செலவழித்தீர்கள், கோப்பைக் காட்டுங்கள்" என்று கேட்க வழியில்லை. 2001 அக்டோபர் 2-இல் நடைமுறைக்கு வந்த தில்லியின் தகவல் உரிமைச் சட்டம்தான் அந்த வழியைத் திறந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது அதற்கு நான்கு வருடம் கழித்து. பில்களைக் கேட்டு வாங்கிய 'பரிவர்த்தன்' அமைப்பின் முன்னணியில் இருந்தவர் பின்னாளில் முதலமைச்சரான அரவிந்த் கெஜ்ரிவால். ஊரைக் கூட்டிக் கணக்குப் படிக்கும் முறை ராஜஸ்தான் கிராமங்களில் 1994-இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் தொடங்கி வைத்தது. அந்தச் சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான அருணா ராய் சென்னையில் பிறந்தவர், ஐ.ஏ.எஸ். பதவியை விட்டு வந்தவர்.

ரேஷனில் இதைவிடக் கொடுமை. வெல்கம் காலனியில் அந்த்யோதயா கார்டு வைத்திருந்த ஒரு பெண்ணிடம் கடைக்காரர் "சரக்கு வரவில்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கடைப் பதிவுகளின் நகலை வாங்கிப் பார்த்தபோது, அவர் மாதாமாதம் கோதுமையும் அரிசியும் வாங்கியதாக ரசீதுகள் இருந்தன. எல்லாவற்றிலும் கைநாட்டு. அவரோ கையெழுத்துப் போடத் தெரிந்தவர்! பரம ஏழைக்கென்று அரசு அனுப்பிய தானியத்தை அவர் பெயரிலேயே திருடியிருக்கிறார்கள் என்பதை அந்தக் காகிதம் இல்லாமல் அவரால் நிரூபித்திருக்க முடியாது.

இன்றைய தில்லியில் அந்தத் திருட்டு எளிதல்ல. 2021 ஜூலை முதல் ரேஷன் கடைகளில் கைரேகை இயந்திரம் வந்துவிட்டது. பிகாரிலிருந்து வந்த தொழிலாளி தன் ஊர்க் கார்டைக் காட்டியே இங்கே தானியம் வாங்கலாம். 2023 ஜனவரியிலிருந்து அதுவும் இலவசம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் போன்றவற்றுக்கு 2011-இலேயே காலக்கெடுச் சட்டம் வந்தது. தாமதித்தால் நாளுக்கு 10 ரூபாய், அதிகபட்சம் 200 ரூபாய் விண்ணப்பித்தவருக்குத் தர வேண்டும். 2018 செப்டம்பரில் 1076-ஐ அழைத்தால் 50 ரூபாய் கட்டணத்தில் வீட்டுக்கே ஆள் வரும் திட்டம் 40 சேவைகளோடு தொடங்கியது. ஒரு நாள் கூலியை இழந்து அலுவலக வாசலில் நின்றவர்களுக்கு இவையெல்லாம் பெரிய விடுதலை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் என் மனம் ஆறவில்லை. அன்று குடிமகள் அரசின் கணக்கைச் சோதித்தாள். இன்று அரசின் இயந்திரம் அவள் விரலைச் சோதிக்கிறது. பாத்திரம் தேய்த்தும் செங்கல் சுமந்தும் ரேகை அழிந்த விரல் பொருந்தாவிட்டால், தான் தான்தான் என்று அவளே நிரூபிக்க வேண்டும். கார்டே இல்லாதவர் நிலை இன்னும் மோசம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தில்லிக்கு 72.78 லட்சம் பேர் என்று உச்சவரம்பு. அதற்கு அடிப்படை 2011 மக்கள்தொகைக் கணக்கு. அதற்குப் பிறகு எத்தனை குடும்பங்கள் இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்தன! இடம் காலியானால்தான் புதியவருக்குக் கார்டு. தகுதியில்லாத பெயர் எது, விடுபட்ட ஏழை யார் என்று அந்தத் தெருவைவிட நன்றாக அறிந்தவர் யார்?

அதைப் பார்த்துச் சொல்லத்தான் பட்டியல் வேண்டும். அங்கேதான் கதவை மூடுகிறார்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் 44(3) பிரிவின் வழியாகத் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது. தனிப்பட்ட தகவல் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி இனி மறுத்துவிடலாம். பொதுநலன் கருதித் தரலாம் என்னும் 8(2) இன்னும் இருக்கிறது. ஆனால் அந்த நலனை எடைபோடுபவர், தகவலைத் தர வேண்டிய அதே அதிகாரி. ரேஷன் பதிவேடு என்பது பக்கத்துக்குப் பக்கம் பெயர்கள்தானே? வெல்கம் காலனிப் பெண்ணின் பெயரில் நடந்த திருட்டைக் காட்டிக்கொடுத்ததும் அத்தகைய பதிவுகள்தான்.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ரேஷன் ஆவணங்களை மக்கள் பார்வைக்கு வைக்கச் சொல்கிறது. 28-ஆம் பிரிவு சமூகத் தணிக்கை நடத்தச் சொல்கிறது. இரண்டும் 2013-இலிருந்து சட்டப் புத்தகத்தில் உள்ளவை. தில்லியின் ஒவ்வொரு ரேஷன் கடையிலும், அந்தந்தத் தெருக்காரர்கள் முன்னிலையில் இந்தத் தணிக்கை நடக்க வேண்டும். 44(3) நீங்க வேண்டும்.