34.5 மதிப்பெண்ணும் ஒரு சோதனையும்

வகுப்பு மதிப்பெண் பட்டியலுக்காகப் பைத்தானில் சிறு நிரல் ஒன்று எழுதியிருந்தேன். இரண்டு தேர்வுகளின் சராசரியை முழு எண்ணாக்கித் தரும். 35 வந்தால் தேர்ச்சி. ஒரு மாணவி 33, 36 எடுத்திருந்தாள். சராசரி 34.5. பட்டியலில் 34 என்று வந்து, தேர்ச்சி இல்லை என்றது. அவள் நோட்டில் கணக்குப் போட்டு எடுத்து வந்தாள். "அரை வந்தா ஒண்ணாக்கணும்னு நீங்கதானே சார் சொல்லிக் கொடுத்தீங்க?"

பைத்தான் 3-இல் 'ரவுண்ட்' செயற்கூறு, சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும். 34.5 என்றால் 34, 35.5 என்றால் 36. நிறைய எண்களைக் கூட்டும்போது விடை ஒரே பக்கம் சாயாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. தவறு என்னுடையதுதான். 34.2, 34.8 இரண்டையும் போட்டுப் பார்த்த நான் நடுவில் இருப்பதைப் போட்டுப் பார்க்கவில்லை.

அரையை மேலே ஏற்றும் விதி, மொழியோடு வரும் 'டெசிமல்' தொகுதியில் இருக்கிறது. இதை நம்பலாமா என்று அதன் சோதனைகளைத் தேடினேன். பைத்தானின் மூலநிரலோடு அவை யாரும் படிக்கும்படி திறந்தே கிடக்கின்றன. அடிப்படைத் தொகுதியில் ஒரு பிழை இருந்தால் அதை நம்பிய நிரல்கள் எல்லாவற்றிலும் அது நுழைந்துவிடும் அல்லவா? அதனால் சோதனைகளும் ஏராளம். டெசிமலுக்கான சோதனைத் தரவில் பெரும்பகுதி, தசமக் கணக்கீட்டு விதிகளை வகுத்த ஐபிஎம் நிறுவனத்தின் மைக் கௌலிஷா தயாரித்தது. வரிக்கு ஒரு கணக்கு: செய்ய வேண்டிய செயல், எண்கள், வர வேண்டிய விடை. பாடம் நடத்தியவரே வினாத்தாள் எடுக்காமல் வெளியிலிருந்து வாங்குவதைப் போன்ற முறை. 2012-இல் வந்த 3.3 பதிப்பில் இத்தொகுதியை வேகத்துக்காகச் சி மொழியில் எழுதிச் சேர்த்தார்கள். பைத்தானில் எழுதிய வடிவமும் உடன் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே வினாத்தாள்தான்.

அங்கே கற்ற இன்னொரு பழக்கம்: பிழையைத் திருத்தும் முன்பே அதற்கான சோதனையை எழுதுவது. '34.5 கொடுத்தால் 35 வர வேண்டும்' என்று 'யூனிட்டெஸ்ட்' தொகுதியில் எழுதி, பழைய நிரலை அப்படியே வைத்து ஓட்டினேன். சோதனை தோற்றது. தோற்றால்தான் அது பிழையைப் பிடிக்கிறது என்று பொருள். பிறகு நிரலைத் திருத்தினேன்; சோதனை வென்றது. பட்டியலும் அன்றே மாறியது.

பன்னிரண்டாம் வகுப்பில் இப்போது ஒருவர் எழுதிய செயற்கூறுக்கு வேறொருவர் சோதனை எழுதுகிறார். லீப் ஆண்டு கண்டுபிடிக்கும் செயற்கூறில் 2024 சரியாக வந்ததும் கைதட்டினார்கள். பக்கத்து வரிசைக்காரர் 1900 கொடுத்தார். லீப் ஆண்டு என்றது நிரல். உண்மையில் அது லீப் ஆண்டு இல்லை. 2000-ஐயும் சேர்க்கச் சொன்னேன், அது லீப் ஆண்டு.

என் நிரலுக்கு அந்த மாணவிதான் சோதனை எண்கள் எழுதித் தருகிறாள். போன வாரம் ஒரு தேர்வுக்கும் வராதவரின் சராசரியைக் கேட்டிருந்தாள். பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாமல் நிரல் பாதியில் நின்றுவிட்டது. அதை இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறேன்.