முகத்துக்கு அப்புறம்தான் கடல்

கல்யாணத் தேதி குறித்த கையோடு மண்டபம் பேசியாகிவிட்டது, சமையலுக்கு அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. அடுத்த கேள்வி, ‘அவுட்டோர் ஷூட் எங்கே வைக்கலாம்?’ குமரி மாவட்டத்தில் இதற்குப் பதில் தேடி அலைய வேண்டியதில்லை. முட்டம் பாறை, வட்டக்கோட்டை மதில், மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி, சொத்தவிளைக் கடற்கரை என்று வீட்டில் ஆளுக்கொரு இடம் சொல்வார்கள். ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981), ‘கடலோரக் கவிதைகள்’ (1986) படங்களில் பாரதிராஜா காட்டியதிலிருந்தே முட்டத்துக்கு ஒரு சினிமாக் களை வந்துவிட்டது.

ஆல்பம் கைக்கு வந்த பிறகுதான் குறை தெரியும். கடல் பிரமாதமாக இருக்கும். மணப்பெண்ணின் முகமோ, ஒன்று கருத்துப் போயிருக்கும். இல்லை, பவுடர் டப்பாவைக் கவிழ்த்ததுபோல வெளுத்திருக்கும். முதல் குறை படம் எடுத்தபோது வந்தது. அதை மறைக்கப் போய் வந்தது இரண்டாவது. நல்ல முகப்படத்தில் முக்கால் பங்கு வேலை, பட்டனை அழுத்துவதற்கு முன்பே முடிந்துவிடும். கம்ப்யூட்டருக்கு மிச்சம் வைக்க வேண்டியது கொஞ்சம்தான்.

25 நிமிடப் பொன் வெயில்

கன்னியாகுமரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும்; நட்டுவைத்த கம்புக்கு நிழல் விழாது. மற்ற மாதங்களிலும் மதிய வெயில் பெரும்பாலும் தலைக்கு மேலிருந்துதான் இறங்கும். அப்போது கண்குழி இரண்டும் இருண்டுவிடும். மூக்கின் நிழல் உதட்டில் விழும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேமராவாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

மாலைப் பொன் வெயிலைப் பிடிக்கலாம் என்றால், அதற்கும் இங்கே அவகாசம் குறைவு. சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதால், அடிவானத்துக்கு 6 டிகிரி மேலிருந்து கடலைத் தொடச் சுமார் 25 நிமிடம்தான் ஆகும். லண்டனில் அதே தூரத்துக்குச் சுமார் 40 நிமிடமோ அதற்கு மேலோ பிடிக்கும். குளிர் நாட்டுப் புத்தகங்கள் சொல்லும் ‘கோல்டன் அவர்’ நமக்கு அரை மணி நேரம்கூடத் தாங்காது. ஆகவே மேக்கப், உடை, நிற்கும் இடம், ஒத்திகை எல்லாம் ஐந்தரை மணிக்குள் முடிந்திருக்க வேண்டும்.

மதியத்தில்தான் எடுத்தாக வேண்டும் என்றால் நிழலைத் தேடுங்கள். 1966-இல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரம். அதன் தூண்கள் தரையில் போடும் அகலமான நிழலின் விளிம்பில், ஓரடி உள்ளே நின்று, வெயில் விழும் திறந்த வெளியைப் பார்த்து முகத்தைத் திருப்பினால் போதும். கண்ணில் வெளிச்சம் விழும்; முகம் சுளிக்காது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. மேகம் மூடிய நாளை ‘ஷூட் கெட்டது’ என்று நினைக்காதீர்கள். தோலுக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. முகவாயை மட்டும் கொஞ்சம் தூக்கச் சொல்லுங்கள்.

காலடி மண்ணும் ஒரு விளக்கு

வெளிச்சம் மேலிருந்து மட்டும் வருவதில்லை, தரையிலிருந்தும் திரும்பி முகத்தில் படுகிறது. சொத்தவிளையின் வெளிர் மணல், காசு செலவில்லாத ரிஃப்ளெக்டர். கண்ணுக்குக் கீழே உள்ள கருமையை அதுவே நிரப்பிவிடும். மணவாளக்குறிச்சியில் இல்மனைட் கலந்த கருமணல் வெளிச்சத்தை விழுங்கிக்கொள்ளும். அங்கே ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை இடுப்புயரத்தில் பிடித்தாக வேண்டும். முட்டத்துச் செம்மண் முகத்தில் செம்மையை ஏற்றும். வயலுக்கு நடுவே நின்றால் தாடைக்குக் கீழே பச்சை படியும். வரப்போரத்துச் சாலைக்கு வந்து, வயலைப் பின்னணியாக வைத்துக்கொண்டால் பச்சை விலகும்.

கடலும் வானமும் பின்னால் பளபளக்கும்போது, கேமரா மொத்த வெளிச்சத்தையும் சராசரியாக்கி முகத்தை இருட்டாக்கிவிடும். மொபைலில் முகத்தைத் தொட்டு, வரும் சூரியக் குறியை மேலே தள்ளுங்கள். கேமராவில் எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டுங்கள். வானம் கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டும்.

நம் நிறத்தைச் சரியாகப் பிடிக்காத குறை ஃபிலிம் காலத்திலிருந்தே உண்டு. கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி கார்டு’ என்ற மாதிரிப் படத்தில் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணே இருந்தார். நிறத்தைச் சரிபார்த்ததெல்லாம் அந்தத் தோலை வைத்துத்தான். பழுப்பு நிறங்கள் சரியாக விழவில்லை என்று சாக்லேட், மரச்சாமான் விளம்பரக்காரர்கள் குறை சொன்ன பிறகுதான் ஃபிலிமைத் திருத்தினார்கள். இன்றைய சென்சாருக்கு அந்தத் தடை இல்லை. நம் மனசுக்குத்தான் இருக்கிறது.

கைக்கு ஒரு வேலை

‘சிரிங்க’ என்று சொன்னால் உதடு மட்டும்தான் சிரிக்கும். தோவாளைப் பூச்சந்தைப் பக்கம் போய்ப் பாருங்கள். அரளியையும் நொச்சி இலையையும் மடித்து மாணிக்க மாலை கட்டும் விரல்களுக்கு யாரும் போஸ் சொல்லித்தர வேண்டாம். புவிசார் குறியீடு பெற்ற மாலை அது. கேமராவோடு போன ஒரு பையன், “ஆச்சி, நீங்க பாட்டுக்குக் கட்டுங்க, நான் ஓரமா நிக்கேன்” என்றான். நாலு பூ மடிக்கும்வரை அவர் நிமிரவில்லை. பிறகு, “கையையா எடுக்கே மக்கா, மூஞ்சிய எடுக்கலியா?” என்று தலையைத் தூக்கினார். நல்ல படம் அந்த நொடியில் கிடைத்தது.

மணமக்களுக்கும் இதே கணக்குதான். முந்தானையைப் பிடிக்கட்டும், வளையலைத் தள்ளட்டும், நாலு அடி நடந்து திரும்பட்டும். கேமராவுக்கு நேரே நிற்காமல் உடம்பைக் கொஞ்சம் திருப்பி, ஒரு காலில் பாரத்தைச் சாய்த்தால் விறைப்பு போய்விடும். ஆரல்வாய்மொழிக் கணவாய் ஓரமாகட்டும் கடற்கரையாகட்டும், காற்று வரும் திசைக்கு முகம் இருக்கட்டும். கூந்தல் பின்னால் பறக்கும், கண்ணில் விழாது.

பக்கத்துக் கண்

ஃபோகஸ் எப்போதும் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணில்தான். முழு ஃபிரேம் கேமராவில் 85 எம்.எம். லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர். பக்கத்துக் கண் கூராக இருக்கும்போதே காது மங்கிவிடும். எஃப் 4-க்குப் போனால் அது 13 சென்டிமீட்டராகும். ஜோடியாக நிற்பவர்களுக்கு எஃப் 5.6, அப்படியும் இருவர் முகமும் ஒரே தூரத்தில் இருப்பது நல்லது. மொபைல்காரர்கள் முகத்துக்கருகே போனால் மூக்கு பெருத்துத் தெரியும். ஆறடி தள்ளி நின்று 2எக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோகஸ் சரியாக இருந்தும் படம் மங்கலாக இருந்தால் லென்ஸைச் சாய்த்துப் பாருங்கள், உப்புச் சாரல் படிந்திருக்கும். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்பே கண்ணாடியைக் கீறும். முதலில் ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி.

டச்சிங் எதுவரை?

கறுப்பு வெள்ளைக் காலத்து ஸ்டுடியோக்களில் நெகட்டிவ் மேலேயே கூரான பென்சிலால் டச்சிங் செய்தார்கள். ஒவ்வொரு கீற்றுக்கும் உழைப்பு வேண்டியிருந்ததால் தானாகவே ஓர் அளவு இருந்தது. இப்போது ஒரு ஸ்லைடரை இழுத்தால் முகத்தின் ரோமக்கால் எல்லாம் போய்விடுகிறது. அளவை நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

எளிய விதி ஒன்று உண்டு. இரண்டு வாரத்தில் தானே மறையக்கூடியது எதையும் நீக்கலாம்: பரு, கொசுக்கடி, வியர்வைப் பளபளப்பு, முகத்தில் ஒட்டிய முடி. கூடவே வாழ்வதை விட்டுவிட வேண்டும்: மச்சம், தழும்பு, சிரிப்புக் கோடு, நிறம். ஹீலிங் பிரஷ் வேலையைத் தனி லேயரில் செய்து, கடைசியில் அதன் அடர்த்தியைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதுமானதாக இருக்கும்.

விளம்பரத்தில் உடலமைப்பையோ தோலையோ திருத்தினால் அதைப் படத்திலேயே சொல்ல வேண்டும் என்று நார்வே 2022 ஜூலை முதல் சட்டமாக்கியிருக்கிறது. நம் கல்யாண ஆல்பத்துக்குச் சட்டம் எதுவும் வரப்போவதில்லை. வாடிக்கையாளர் கேட்டதால் வெளுக்கிறோம் என்று டிசைனர் சொல்வார். எல்லா ஆல்பமும் அப்படித்தானே இருக்கிறது என்று வாடிக்கையாளர் சொல்வார். யாராவது ஒருவர் முதலில் வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும். காசு கொடுப்பவர் சொல்வதுதான் சுலபம். அடுத்த சீசனுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது, பக்கத்துக்கு எவ்வளவு, ட்ரோன் உண்டா என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: “அண்ணே, எங்க நிறத்த மாத்த மாட்டீங்கல்லா?”