இயங்கலையில் நடிப்புப் பயிற்சி



கெடா மாநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருக்கிறது. தகப்பனார் குலை வெட்டுகிறவர். தாயாருக்கு உரம் போடும் வேலை. ஐந்தாம் படிவம் முடித்த மூத்த மகளுக்கு நடிப்பில் ஆசை. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் மேடையேறி நல்ல பெயரும் வாங்கியவள். ஒருநாள் அவளுடைய கைத்தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. தொலைக்காட்சித் தொடரில் நடிக்க அவள் தேர்வாகிவிட்டாள்; அதற்கு முன் ஆறு நாள் இயங்கலையில் பயிற்சி; கட்டணம் 1,800 வெள்ளி; பாதிப் பணத்தை இன்றே கட்ட வேண்டும். தாயார் சங்கிலியை அடகு வைத்து முழுப் பணத்தையும் கட்டினார். ஆறு நாளும் திரையில் ஒருவர் தோன்றித் தம் பெருமையைப் பேசினார். நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் ஒருமுறைகூட நடித்துக் காட்டவில்லை. ஏழாம் நாள் அந்த எண் அடங்கிவிட்டது.

இதைக் கேட்டவுடன், "அதற்குத்தான் சொன்னேன், இந்தக் கூத்தெல்லாம் நமக்கு எதற்கு?" என்று பெரியவர்கள் சிலர் சொல்லக்கூடும். நான் அப்படிச் சொல்ல வரவில்லை. திரை நடிப்பு ஒரு தொழில். அதைக் கற்றுக்கொள்ளலாம், இயங்கலையிலும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

தூரத்தில் இருந்துகொண்டு நடிப்பைக் கற்றுக்கொடுப்பது புதிய காரியமன்று. 1987ஆம் ஆண்டிலேயே மைக்கேல் கேன் என்ற ஆங்கிலேய நடிகர் பி.பி.சி. தொலைக்காட்சியில் திரை நடிப்பைப் பற்றிப் பாடம் நடத்தினார். இளம் நடிகர்களைக் கேமராவின் முன் நிறுத்தி, அவர்கள் செய்வதைப் பார்த்துத் திருத்தினார். முகத்தை மிக அருகில் படமெடுக்கும்போது கண்ணை அடிக்கடி இமைத்தால் அந்தப் பாத்திரத்தின் வலு குறைந்துவிடும் என்று அவர் சொன்னது இன்றும் நடிப்பு வகுப்புகளில் பேசப்படுகிறது. நம் நாட்டில் 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, பள்ளிப் பிள்ளைகளைப் போலவே நடிப்பு ஆசிரியர்களும் திரைக்கு முன்னால் உட்கார வேண்டியதாயிற்று. நடிகர் தேர்வும் பெரும்பாலும் வீட்டில் எடுத்து அனுப்பும் காணொளியாக மாறியது. நோய் அடங்கிய பிறகும் அந்த வழக்கம் நிலைத்துவிட்டது. கோலாலம்பூருக்குப் பேருந்துக் காசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இதில் நன்மை உண்டு.

இனி நடிப்புக்கு வருவோம். மேடையில் கடைசி வரிசையில் நிற்கிறவருக்கும் கேட்க வேண்டும், தெரிய வேண்டும். அதனால் குரலை உயர்த்துகிறோம், கையை வீசுகிறோம். கேமரா அப்படிப்பட்டதன்று. அது நம் முகத்துக்கு ஒரு முழத்தில் நிற்கிற ஆள். ஒரு முழத்தில் நிற்கிறவரிடம் யாராவது கத்துவார்களா?

ரஷ்ய நாட்டில் லெவ் கூலெஷோவ் என்ற இயக்குநர் செய்த சோதனையைப் பற்றி அவருடைய மாணவர் புடோவ்கின் எழுதி வைத்திருக்கிறார். எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு நடிகரின் முகம். அதற்குப் பக்கத்தில் முதலில் ஒரு தட்டுச் சூப்பைக் காட்டினார்கள். அடுத்து சவப்பெட்டியில் கிடக்கும் ஒரு பெண்ணை. பிறகு பொம்மையோடு விளையாடும் ஒரு சிறுமியை. முகம் மூன்று இடத்திலும் ஒன்றுதான். பார்த்தவர்களோ அவருடைய ஆழ்ந்த யோசனையையும் துயரத்தையும் மகிழ்ச்சியையும் கண்டு வியந்தார்களாம். பார்க்கிறவரே பாதி வேலையைச் செய்துவிடுகிறார் என்பது இதனால் விளங்குகிறது. ஆகவே திரையில் நடிகர் உணர்ச்சியைக் காட்ட முயல்வதை விட, எதிரில் இருப்பவரிடம் தனக்கு என்ன வேண்டும் என்பதை நினைத்துப் பேசுவதே முக்கியம்.

இதை வீட்டிலேயே பழகலாம். "பசியாறியாச்சா?" என்று நாம் தினமும் கேட்கிறோம். இந்த ஒரே வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளையிடம் ஒருமுறை கேளுங்கள். சம்பளத்தில் பாதியைக் குடித்துவிட்டு வந்த கணவனிடம் ஒருமுறை. பெண் பார்க்க வந்தவர்களிடம் ஒருமுறை. கடன் கேட்கப் போன இடத்தில், பேச்சைத் தொடங்கத் தெரியாமல் ஒருமுறை. குரலை மாற்ற முயலாதீர்கள்; யாரிடம், எதற்காகக் கேட்கிறோம் என்பதை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொன்றையும் கைத்தொலைபேசியில் பதிவு செய்து, சத்தத்தை அடைத்துவிட்டுப் பாருங்கள். நான்கும் வெவ்வேறாகத் தெரிந்தால் பயிற்சி சரியான வழியில் போகிறது. நான்கிலும் புருவம்தான் ஏறி இறங்குகிறது என்றால் இன்னும் மேடையை விட்டு இறங்கவில்லை.

பேச்சு மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் பலர், கேமராவைக் கண்டதும் சென்னைப் படங்களில் கேட்ட பேச்சைப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். இது எனக்குப் பிடிக்காத காரியம். 2005ஆம் ஆண்டில் தீபக் குமரன் மேனன் எடுத்த 'செம்மண் சாலை' ரப்பர் தோட்டத்துக் குடும்பத்தின் கதை. 2015ஆம் ஆண்டில் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்', தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்கில் குடியேறியவர்களின் வாழ்க்கையைக் காட்டியது. 2016ஆம் ஆண்டில் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதையும் பெற்றது. இப்படிப்பட்ட கதைகளுக்கு நம் லயத்துப் பேச்சுதான் வேண்டும். அதை எந்த வகுப்பிலும் விலைக்கு வாங்க முடியாது. நம் வீட்டில் அது இருக்கிறது.

சரி, தேர்வுக்கான காணொளியை எப்படி எடுப்பது? பகலில் எடுங்கள். சன்னலைப் பார்த்து நில்லுங்கள். சன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் கறுத்துப்போகும். பின்னால் வெறும் சுவர் போதும். சாமிப் படமும் நாள்காட்டியும் தெரிய வேண்டாம். கைத்தொலைபேசியைப் படுக்கை வாட்டில் வையுங்கள். பிஸ்கட் டின்களை அடுக்கி, கண் உயரத்துக்குக் கொண்டுவந்து, அசையாமல் நிறுத்துங்கள். மார்பிலிருந்து தலைக்கு மேல் சிறிது இடம் வரை தெரிந்தால் போதும். கோடு போட்ட சட்டை வேண்டாம். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். தகரக் கூரையில் மழை பெய்தால் அன்றைக்கு வேலையை விட்டுவிடுங்கள். படம் கொஞ்சம் மங்கினாலும் பொறுப்பார்கள், வசனம் கேட்காவிட்டால் பொறுக்க மாட்டார்கள்.

முதலில் பெயர், வயது, உயரம், ஊர் ஆகியவற்றை இயல்பாகச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் கேமராவை நேராகப் பார்ப்பது. காட்சி தொடங்கியதும், கேமராவுக்குச் சற்றுப் பக்கத்தில் நின்று எதிர்வசனம் படிக்கிறவரைப் பார்த்துப் பேச வேண்டும். எதிர்வசனம் படிக்கிறவர் நடிக்க வேண்டியதில்லை. மெதுவாக, தெளிவாகப் படித்தால் போதும். அனுப்பும்போது கேட்ட அளவுக்கு மேல் அனுப்பாதீர்கள். பாட்டும் பின்னணி இசையும் சேர்க்காதீர்கள். புலனத்தில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறைந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் குறையாது.

நான் முன்னே சொன்ன பெண்ணுக்கு எதிர்வசனம் படித்தவர் அவளுடைய தாயார்தான். கதையில் மகளை அதட்டும் தாய். "அம்மா, கொஞ்சம் கோவமா கேளுங்கம்மா, எனக்குப் பதில் வரமாட்டேங்குது" என்றாளாம் மகள். அடுத்த முறை தாயார் அதட்டிய அதட்டலில் பெண் நடுங்கிப்போனாள். "சங்கிலிய நெனச்சிக்கிட்டேன், போதுமா?" என்றாராம் அந்த அம்மா. அந்தப் பதிவைத்தான் அனுப்பினார்கள்.

இவ்வளவையும் நாமே செய்துகொள்ளலாம் என்றால் ஆசிரியர் எதற்கு? நம் முதுகை நாம் பார்க்க முடியாது என்பதற்காகத்தான். நடித்ததைப் பார்த்து, "இந்த இடத்தில் எதிராளி பேசி முடிக்குமுன்பே உன் முகம் பதில் சொல்லிவிட்டது" என்று எடுத்துச் சொல்லி, மறுபடி செய்யச் சொல்லி, மாற்றம் தெரிகிறதா என்று பார்க்கிறவர்தான் ஆசிரியர். காசு அந்தத் திருத்தத்துக்குத்தான். பேச்சை மட்டும் கேட்பதற்கு யூடியூப்பில் எத்தனையோ பாடங்கள் காசில்லாமலே கிடக்கின்றன. ஆகவே சேருமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒவ்வொரு வகுப்பிலும் என் பிள்ளை எத்தனை முறை நடிக்கும்? எட்டுப் பத்துப் பேர் உள்ள வகுப்பென்றால் எல்லாருக்கும் முறை வரும். நாற்பது பேர் என்றால் அது சொற்பொழிவு.

தோட்டத்தில் அலைத்தொடர்பு சரியில்லையே என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு. பதிவு செய்து அனுப்பி, ஆசிரியரின் கருத்தைக் குரல் செய்தியாகப் பெற்று, திருத்தி மறுபடி அனுப்புவதும் நல்ல பயிற்சிதான். நேரடி வகுப்பில் குரல் சிறிது தாமதித்து வருவதால், ஒருவர் பேச்சை ஒருவர் மறித்துப் பேசும் காட்சிகளை எப்படியும் சரியாகப் பழக முடியாது. நடை, உட்காருதல், உடம்பின் கட்டு இவையும் சிறு திரையில் ஆசிரியருக்குத் தெரியாது. அதற்குத் தோட்டத்துச் சிலம்பமும் நாட்டியமும் கூட்டு நாடகமும் தாம் வழி.

பெற்றோர்கள் உறுதியாக நினைவில் வைக்க வேண்டியது ஒன்று. நடிக்கிறவருக்குத்தான் தயாரிப்பாளர் காசு கொடுப்பார். தேர்வுக்குக் கட்டணம், பதிவுக் கட்டணம், வாய்ப்பு உறுதிக் கட்டணம் என்று யார் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பயிற்சிக்குக் கட்டணம் வாங்குவது முறைதான். ஆனால் பயிற்சியில் சேர்ந்தால் வேடம் உறுதி என்று சொல்கிறவரை நம்பவேண்டாம். அடையாள அட்டையின் படத்தைத் தேர்வுக் கட்டத்திலேயே அனுப்பாதீர்கள். பெண் பிள்ளையிடம் உடல் தெரியும் படம் கேட்டாலும், தங்கும் விடுதி அறைக்குத் தனியாக வரச் சொன்னாலும் பேச்சை அத்தோடு முறித்துக்கொள்ளுங்கள். ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு நாளைக் கடத்தாமல், உடனே 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மோசடிக்கு எதிரான தேசிய மையம் அது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி உண்டு.

சிறு பிள்ளைகளுக்கு இன்னொரு காவலும் இருக்கிறது. சிறார், இளையோர் வேலைவாய்ப்பு பற்றிய 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி, 15 வயது நிறையாத பிள்ளை பொதுப் பொழுதுபோக்குக் கலைகளில் வேலை செய்ய உரிமம் வேண்டும். அதன் நிபந்தனைப்படியே வேலை வாங்க வேண்டும். உரிமம் எடுத்தாயிற்றா என்று தயாரிப்பாளரைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. பெற்றோரில் ஒருவர் கூடவே இருப்பதை மறுக்கிற இடத்துக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

காணொளி அனுப்பிய பிறகு பெரும்பாலும் பதிலே வராது. வேண்டாம் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். நடிப்புக் குறைதான் காரணம் என்று எண்ணவேண்டியதில்லை. தேடிய அக்காள் பாத்திரத்துக்கு, ஏற்கெனவே எடுத்த தம்பியின் சாயல் இல்லாததால்கூட விட்டுவிடுவார்கள். கெடாவில் அந்தப் பெண் நான்கு இடங்களுக்கு அனுப்பினாள். மூன்றிலிருந்து சத்தமில்லை. நான்காவதில் மளிகைக் கடைக்கு வருகிற பெண்ணாக இரண்டு வரி வசனம் கிடைத்தது. சம்பளத்தைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். சங்கிலி இன்னும் மீளவில்லை. வட்டி கட்டி வருகிறார்கள். இப்போது சுங்கைப் பட்டாணியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்துகொண்டே, வாரத்தில் ஒருநாள் இரவு ஆறு பேர் மட்டும் உள்ள ஒரு வகுப்பில் படிக்கிறாள். எதிர்வசனத்துக்கு அம்மாதான்.