சுருதிப் பெட்டிக்கும் உண்டு ஒரு சுருதி!
ஆலய மின்னணு இசைக்கருவிகளும் அவற்றுக்கேற்ற மின்வழங்கலும்

கொடியேற்றம் தொடங்கித் தீர்த்தவாரி வரை, திருவிழா நாள்களில் ஆலயத்தில் இசை ஓய்வதில்லை. அதிகாலையில் சுப்ரபாதம், காலபூசையில் மங்கல வாத்தியம், மாலையில் பஜனை, இரவில் சுவாமி புறப்பாடு என்று நாள் முழுவதும் நாதம் நிறைந்திருப்பதே நம் வழிபாட்டு மரபு. அந்த நாதத்தின் ஒரு பகுதி இன்று மின்சாரத்தை நம்பி நிற்கிறது. மின்னணு சுருதிப் பெட்டி, தாளக் கருவி, கீபோர்டு, ரிதம் பேட், இடைவிடாது நாமம் ஒலிக்கும் சிறு மந்திரப் பெட்டி ஆகியவை இல்லாத ஆலயத்தைப் பினாங்கில் காண்பது அரிது. ஆயினும் மகா தீபாராதனை வேளையில் திடீரென்று ஒலி நின்றுபோவதும், ஒலிபெருக்கியில் ‘உம்ம்’ என்ற இரைச்சல் எழுந்து ஓதுவாரின் குரலையே விழுங்கிவிடுவதும் திருவிழாதோறும் நிகழ்கின்றன. பழி பெரும்பாலும் கருவியின் மீதே விழுகிறது. உண்மையில் குற்றம் பல வேளைகளில் சுவரில் செருகப்பட்டிருக்கும் அந்தச் சிறு கறுப்புப் பெட்டியில், அதாவது அடாப்டரில் இருக்கிறது.

பாயான் பாரு வட்டார மக்களுக்கு மின்னணுவியல் புதிய செய்தியன்று. நெல்வயல்களாக இருந்த பாயான் லெப்பாஸ் நிலத்தில் 1972ஆம் ஆண்டு நாட்டின் முதல் சுதந்திர வாணிப வட்டாரம் உருவானது. இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கார்ட், ஹிட்டாச்சி, நேஷனல் செமிகண்டக்டர், லிட்ரோனிக்ஸ், போஷ், கிளாரியன் எனத் தொடக்கத்திலேயே வந்து சேர்ந்த எட்டு நிறுவனங்களை ‘எட்டுச் சாமுராய்கள்’ என்று இன்றும் பினாங்கில் குறிப்பிடுவர். அத்தொழிற்பேட்டையை ஒட்டி எழுந்த குடியிருப்பு நகரமே பாயான் பாரு. தொழிற்சாலையில் நுண்சில்லுகளைச் சோதித்துவிட்டு, மாலையில் ஆலயத்தில் உருமாலைக் கட்டு மடித்துக்கொண்டு தொண்டு செய்யும் அன்பர்கள் இங்கு ஏராளம். அத்தகைய ஊரிலேயே ‘முனை பொருந்துகிறது, ஆகவே அடாப்டரும் பொருந்தும்’ என்ற எண்ணம் நிலவுவது வியப்புக்குரியது.

ஆதியில் இத்தொல்லைக்கு இடமே இல்லை. நாதஸ்வரக் குழுவில் ‘ஒத்து’ என்னும் குழலை ஒருவர் இடைவிடாது ஊதிச் சுருதி சேர்த்தார். கச்சேரியில் தம்பூரா மீட்டப்பட்டது. பஜனையில் துருத்தி வைத்த சுருதிப் பெட்டி கையால் இயக்கப்பட்டது. பெங்களூரைச் சேர்ந்த புல்லாங்குழல் கலைஞரும் பொறியாளருமான ஜி. ராஜ் நாராயண் 1970களின் இறுதியில் மின்னணு சுருதிப் பெட்டியை உருவாக்கி, ராடெல் நிறுவனத்தின் வழியாக அதனைப் பரப்பினார். மின்னணுத் தம்பூராவும் தாளக் கருவியும் பின்தொடர்ந்தன. கைக்கடக்கமான அப்பெட்டி மெல்ல மெல்ல ஒத்து ஊதுவோரின் இடத்தைப் பிடித்தது. ஒத்துக்காரருக்கு வேளைக்கு உணவிட்டால் போதும். அவரது இடத்துக்கு வந்த பெட்டிக்கோ மின்னழுத்தம், மின்னோட்டம், முனை ஆகிய மூன்றும் ஒத்திருக்க வேண்டும்.

முதலில் மின்னழுத்தம். மலேசியாவில் வீட்டு மின்சாரம் முன்னர் 240 வோல்ட் என வரையறுக்கப்பட்டிருந்தது. 2008 ஜனவரி 1 முதல் அது 230 வோல்ட் என மாற்றப்பட்டது. இந்தியாவிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். ஆகவே தமிழகத்திலிருந்து வரும் கலைஞர்களின் கருவிகள் இங்கு அழுத்த வேறுபாட்டால் கெடுவதில்லை. வேறுபடுவது செருகியின் வடிவம் மட்டுமே: அங்கு உருண்டை முனைகள், இங்கு சதுர முனைகள். இதற்காகச் சிலர் நம் சுவர்த் துளையின் மேற்கண்ணில் பேனாவையோ தீக்குச்சியையோ நுழைத்து மூடியைத் திறந்து, உருண்டை முனையை வலிந்து சொருகுவர். அக்கணமே தரையிணைப்பும் இல்லை, செருகிக்குள் இருக்க வேண்டிய ஃபியூஸும் இல்லை. சில வெள்ளிக்குக் கிடைக்கும் முறையான மாற்றுச் செருகியை வாங்கி ஆலய அலுவலகத்தில் வைத்திருந்தால், வந்திறங்கும் வித்வான்களுக்கு அதுவே முதல் உபசாரமாகும்.

ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வரும் கருவிகளின் நிலை வேறு. ஜப்பானில் 100 வோல்ட்; அமெரிக்காவில் 120 வோல்ட். பழைய ஜப்பானியக் கீபோர்டு ஒன்றை மலிவாக வாங்கி ஆலயத்திற்கு உபயமளிக்கும் அன்பர், அதன் பின்புறத்தில் 100 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதைக் கவனிப்பதில்லை. நம் மின்சாரத்தில் செருகிய சில நொடிகளில் உள்ளிருக்கும் மின்மாற்றி புகைந்துவிடும். பயணிகள் வாங்கும் மாற்றுச் செருகி வடிவத்தை மட்டுமே மாற்றும், அழுத்தத்தைக் குறைக்காது. அழுத்தத்தைக் குறைக்கும் தனி மின்மாற்றி வேண்டும். ‘100–240 வோல்ட்’ என்று அச்சிடப்பட்ட புதுவகை அடாப்டர் என்றால் கவலையில்லை. அது எந்நாட்டிலும் இயங்கும். சில சுருதிப் பெட்டிகளின் பின்புறம் 110, 230 என இரு நிலை கொண்ட சிறு விசை உண்டு. வெளிநாடு சென்று திரும்பிய பெட்டியை இயக்குமுன் அவ்விசை எங்கு நிற்கிறது என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

அடாப்டரின் மறுமுனையில்தான் குழப்பம் மிகுதி. கருவிக்கு 9 வோல்ட் வேண்டுமெனில் 9 வோல்ட்தான் தரவேண்டும். 12 வோல்ட் ‘கொஞ்சம் பலமாகப் பாடும்’ என்று கருதுவது பேதைமை. ஆம்பியர் கணக்கு இதற்கு நேர்மாறானது. 700 மில்லி ஆம்பியர் கேட்கும் கருவிக்கு 2,000 மில்லி ஆம்பியர் தரவல்ல அடாப்டரைச் செருகினால் ஒரு கேடும் விளையாது. கருவி தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். குறைந்தால்தான் தொல்லை. 300 மில்லி ஆம்பியர் அடாப்டர் கொதிக்கும், ஒலி சிதையும், ஒலியளவைக் கூட்டிய மாத்திரத்தில் கருவி தானே அணைந்து மீண்டும் எழும். பழைய வகைக் கனத்த அடாப்டர்களில் இன்னொரு சூட்சுமம் உண்டு. மேலே 9 வோல்ட் என்றிருந்தாலும், சுமை குறைவாக இருக்கும்போது 12 வோல்டுக்கு மேலும் தரக்கூடும். கீபோர்டுக்காகச் செய்த அத்தகைய அடாப்டரை மிகச் சிறு மின்னோட்டமே எடுக்கும் மந்திரப் பெட்டியில் செருகினால், பெட்டி ஓரிரு நாளில் மௌன விரதம் பூணுவது இதனால்தான்.

மூன்றாவது, முனை. அடாப்டரின் உருளை முனையில் நடுப்பகுதி, வெளிப்பகுதி என இரண்டு உண்டு. எது நேர்மின், எது எதிர்மின் என்பது கருவிக்குக் கருவி மாறும். கருவியின் பின்புறம் ஒரு புள்ளியையும் அதனைச் சுற்றி அரைவட்டத்தையும் வரைந்து, இருபுறமும் கூட்டல், கழித்தல் குறிகளைப் பொறித்திருப்பர். யாமாஹா நிறுவனத்தின் சிறிய, நடுத்தரக் கீபோர்டுகளில் பெரும்பாலானவை 12 வோல்ட், நடுவில் நேர்மின். கேசியோவின் பழைய கீபோர்டுகள் பல 9 வோல்ட், நடுவில் எதிர்மின். பின்னாளில் வந்தவற்றில் பல 9.5 வோல்ட், நடுவில் நேர்மின். ஒரே நிறுவனத்தின் பழைய அடாப்டரைப் புதிய கருவிக்குப் பயன்படுத்தினாலும் மின்சாரம் தலைகீழாகப் பாயும் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. ரோலண்டு, பாஸ் வகைக் கருவிகள் பலவற்றில் இன்றும் நடுமுனை எதிர்மின்தான். சில கருவிகளில் தலைகீழ்ப் பாய்ச்சலைத் தடுக்கும் டயோடு உண்டு; அது தன்னைப் பலியிட்டுக் கருவியைக் காக்கும். அது இல்லாத கருவியில் மின்தேக்கிகள் வெடித்துச் சுற்றுப்பலகை கருகும். இவையன்றி, மாறுமின்னோட்டம் தரும் அடாப்டர் கேட்கும் எதிரொலிக் கருவிகளும் சில உள. ‘9 வோல்ட் ஏ.சி.’ என்றிருந்தால் அதற்கு டி.சி. அடாப்டர் ஆகாது.

இனி அந்த ‘உம்ம்’ ஒலியைப் பார்ப்போம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக மாற்றும்போது, வடிகட்டல் போதாவிட்டால் 100 ஹெர்ட்ஸ் அலை எஞ்சி நிற்கும். இசை வல்லோர்க்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு கட்டைச் சுருதியில் மந்திர ஸ்தாயிப் பஞ்சமத்தின் அதிர்வு ஏறத்தாழ 98 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையில் பாடும் பெண்மணிகளுக்கோ அந்த 98 மந்திர ஸட்ஜமாகிறது. ஆகவே மின் இரைச்சல் சுருதியோடு சேர்வதுபோல் வந்து, சேராமல், சற்றே தூக்கலாக நின்று உறுத்தும். பாடுபவர் காரணம் விளங்காமல் சுருதிப் பெட்டியைத் திருகிக்கொண்டே இருப்பார். முற்றிலும் அந்நியமான ஓசையைக் காது ஒதுக்கிவிடும். அரைகுறையாக ஒத்த ஓசையை ஒதுக்க அதனால் இயலாது. மின்கலம் தளர்ந்தாலும் பழைய வகைச் சுருதிப் பெட்டிகளில் நாதம் கீழே இறங்கும். கைப்பேசியில் சுருதிச் செயலியை இயக்குவோர், மின்னேற்றியில் மாட்டியபடியே ஒலிக்கலவைப் பெட்டியுடன் இணைத்தால் ‘கீச்’சென்ற ஓசை கலக்கும். முன்கூட்டியே மின்னேற்றிக்கொண்டு, பாடும் வேளையில் கழற்றிவிட்டாலே அது அகலும்.

இரைச்சலைப் போக்கச் சிலர் கையாளும் ஒரு முறையை மட்டும் எக்காரணம் கொண்டும் அனுமதித்தலாகாது. அது தரையிணைப்புக் கம்பியைத் துண்டிப்பது. இரைச்சல் அகன்றுவிடும் என்பது உண்மையே. ஆனால் ஒலிபெருக்கியில் பழுது நேர்ந்தால், மின்சாரம் செல்ல எஞ்சியிருக்கும் வழி ஒலிவாங்கியைப் பற்றியிருப்பவரின் உடலே. 1972 மே 3ஆம் நாள் பிரிட்டனின் சுவான்சி நகரில் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, தரையிணைப்புச் சரியில்லாத ஒலிவாங்கியைத் தொட்டு மேடையிலேயே உயிர் துறந்தார். ஆலயத்திலோ அபிஷேக நீர் வழிந்த தரை, வெறும் கால்கள், ஈர வேட்டி. இதனினும் ஆபத்தான சூழல் வேறு எங்கும் அமையாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலும் இணைப்பைத் துண்டிக்கும் கசிவுத் தடுப்பு விசை, இசைக் கருவிகளுக்கு மின்சாரம் செல்லும் வழியில் இருத்தல் வேண்டும். திருவிழாவுக்கு முன்னரே அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கவேண்டும். இரைச்சலுக்கு உரிய மருந்து வேறு: கருவிகள், கலவைப் பெட்டி, ஒலிபெருக்கி அனைத்துக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுப்பது, அப்படியும் தீராவிடில் ஒலிக்கம்பிக்கு நடுவே தனிமைப்படுத்தும் சிறு மின்மாற்றியை இணைப்பது.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை நோக்கி இரதம் நகரும்போதும், வட்டார ஆலயங்களின் ஊர்வலங்களிலும், வழியோரத் தண்ணீர்ப் பந்தல்களிலும் ஜெனரேட்டரே துணை. இங்கு நேரும் சேதங்களே மிகுதி எனலாம். சாதாரண ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழன்றால்தான் பலவற்றில் 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். அலங்கார விளக்குகளை ஒருசேர அணைத்தால் சுமை திடீரெனக் குறைந்து அழுத்தம் எகிறும். மீண்டும் ஏற்றினால் தாழும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கீபோர்டின் நுண்ணிய சுற்றுகள் தாங்குவதில்லை. விளக்குக்கு ஒன்று, இசைக்கு ஒன்று எனப் பிரித்து, இசைக்கு இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டரை அமர்த்துவதே முறை. எரிபொருள் தீர்ந்து இயந்திரம் இருமும் தறுவாயில் கருவிகளை இணைத்து வைத்திருப்பதும் கூடாது. இரதத்தின் சக்கரங்கள் ரப்பராதலால் தரையிணைப்பு தானாக அமையாது. உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரைக் கொண்டே இணைப்புகளைச் செய்தல் நலம்.

சுருதிப் பெட்டி ஒன்றுக்கு மட்டுமாயின் மின்கலமே உத்தமம். அதில் இரைச்சலே இராது. ஆறு கலங்கள் சேர்ந்தால் 9 வோல்ட். மீண்டும் மின்னேற்றத்தக்க கலங்களில் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட் மட்டுமே என்பதால் ஆறு சேர்ந்தாலும் 7.2 வோல்ட்தான் தேறும். சில பெட்டிகள் அதில் இயங்கும், சில முனகும். பவர் பேங்க் பயன்படுத்தும் இளைஞர்கள் மற்றொன்றை அறிதல் வேண்டும். மந்திரப் பெட்டி எடுக்கும் மின்னோட்டம் மிகச் சிறிதாகையால், ‘எவரும் பயன்படுத்தவில்லை’ எனக் கருதிச் சில பவர் பேங்க் தானே அணைந்துவிடும். நள்ளிரவில் நாமம் நின்றுபோகும் மர்மம் இதுவே.

உபயகாரர்கள் கருவியை வழங்கும்போது அதற்குரிய அடாப்டரையும், இயன்றால் மாற்றாக இன்னொன்றையும் சேர்த்தே வழங்குதல் சிறப்பு. சிரிம் முத்திரை பெற்றதாக அது இருக்கவேண்டும். அங்காடியில் மலிவாகக் கிடைக்கும் பெயரற்ற அடாப்டர்கள் சிலவற்றில், வீட்டு மின்சாரத்துக்கும் கருவிக்கும் இடையே இருக்கவேண்டிய காப்பு ஏட்டளவில்தான் இருக்கும். ஆலய நிர்வாகத்தினர் ஒவ்வோர் அடாப்டரிலும் வெள்ளைப் பட்டி ஒட்டி, அது எந்தக் கருவிக்குரியது, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், நடுமுனை எது என்று எழுதி, கருவியின் பெட்டியிலேயே கட்டிவைக்கலாம். அடாப்டர்களை எல்லாம் ஒரே கூடையில் போட்டுவைக்கும் வழக்கத்தை முதலில் கைவிட வேண்டும். பினாங்கின் மாலை இடிமழைக்கு அஞ்சி, நடை சாத்தும்போது விசையை அணைப்பதோடு நில்லாமல் செருகியையும் கழற்றிவிடுவது நன்று. மறுநாட் காலை முதலில் கருவியை இயக்கி, ஒலியளவு குறைந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு, இறுதியாக ஒலிபெருக்கியை இயக்கவேண்டும். அணைக்கும்போது ஒலிபெருக்கியே முதலில்.