உள்ளுறையும் மருந்தும்: இலைக்குள் குடியிருக்கும் பூஞ்சைகள் பற்றி

திருச்சிப் பக்கம் ஒருத்தர் 'மருந்தைக் குடிச்சிட்டார்' என்று சொன்னால் என்ன காய்ச்சல் என்று யாரும் கேட்பதில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வாழைக்கு அடிப்பதும் மருந்து, பிள்ளைக்குப் புகட்டுவதும் மருந்து, வசியத்துக்குச் சோற்றில் வைப்பதும் மருந்துதான். ப்ளேட்டோவின் பிரதியில் 'ஃபார்மக்கோன்' என்னும் சொல் நஞ்சாகவும் மருந்தாகவும் ஒரே நேரத்தில் நிற்பதை தெரிதா 1968இல் எடுத்துக்காட்டினார். லால்குடி உரக்கடைக்காரருக்கு இது ஒன்றும் புதுசில்லை. தாவரங்களுக்குள் வாழும் பூஞ்சைகள், அவற்றிலிருந்து கிடைக்கும் நுண்ணுயிர்க்கொல்லிகள் ஆகியவற்றைப் பற்றி நான் எழுத வந்ததற்கும் இந்தச் சொல்தான் காரணம். உள்/வெளி, விருந்தாளி/எதிரி, மருந்து/நஞ்சு என்று நாம் வைத்துக்கொண்டு விவாதிக்கிற எதிர்வுகள் எல்லாம் ஒரு வாழைக்கிழங்குக்குள்ளேயே குழம்பிப்போகின்றன. குழம்பினால் பரவாயில்லை, நாம் குழப்பத்துக்குப் பழகியவர்கள். ஆனால் அந்தக் குழப்பத்தின்மேல் சட்டமும் சந்தையும் ஒரு கோடு கிழிக்கின்றன. அதுதான் பிரச்சினை.

வாழையிலிருந்தே தொடங்குவோம். ஸ்ரீரங்கம் தீவிலும், காவிரி கொள்ளிடக் கரைகளில் லால்குடி, முசிறி, தொட்டியம் வரைக்கும் வாழையை நம்பி வாழ்கிறவர்கள் ஏராளம். ரஸ்தாளி போட்டவர்களுக்கு வாடல் நோய் என்றால் விளக்க வேண்டாம். அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை மாதிரித் தொங்கும். கிழங்கை வெட்டினால் செம்பழுப்பு வளையம். ஃபுசேரியம் ஆக்சிஸ்போரம் என்கிற பூஞ்சையின் வேலை இது. ஒருமுறை மண்ணில் விழுந்தால் பல பத்தாண்டுகள் கிடக்கும். கார்பென்டசிம் கரைசலைக் கிழங்கில் ஊசியாகப் போட்டுப் பார்ப்பார்கள். முடியாதபோது ரஸ்தாளியை விட்டுவிட்டு, ஓரளவு தாங்குகிற பூவனுக்குப் போவார்கள். 1993இல் திருச்சியில் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இதனோடு மல்லுக்கட்டி வருகிறது. வாழைக்குள் குடியிருக்கும் ட்ரைகோடெர்மா பூஞ்சையையும் வேரடி மண்ணில் இருக்கும் ட்ரைகோடெர்மாவையும் சேர்த்துக் கொடுத்து வாடலைக் கட்டுப்படுத்திய சோதனையை அந்த ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டார்கள். அதாவது ஒரு பூஞ்சையை விரட்ட இன்னொரு பூஞ்சை.

இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. இதே ஃபுசேரியம் ஆக்சிஸ்போரம், இதே பெயரில், ஆரோக்கியமான செடிகளின் வேர்களுக்குள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்துகொண்டிருக்கிறது. வாழையைக் கொல்வது ஒரு வகை, தக்காளியைக் கொல்வது வேறொரு வகை. ஒன்றைக் கொல்வது மற்றதன் வேருக்குள் சும்மா கிடக்கும். கொலைகாரன், குடித்தனக்காரன் என்று இரண்டு தனிப் பிறவிகள் இல்லை. எந்தச் செடியில், எந்த உறவில் என்பதைப் பொறுத்தே பகை. சாராம்சவாதத்தை மறுக்க நாம் பக்கம் பக்கமாக எழுதியதை இந்தப் பூஞ்சை சத்தம்போடாமல் செய்துகாட்டுகிறது.

இப்படிச் செடிக்குள் நோய்க்குறி எதுவும் காட்டாமல் வாழ்பவற்றை எண்டோஃபைட் என்கிறார்கள். 1866இல் ஜெர்மானியரான டி பாரி பயன்படுத்திய சொல். தமிழில் நான் உள்ளுறைப் பூஞ்சை என்று சொல்ல விரும்புகிறேன். தொல்காப்பியத்து உள்ளுறையோடு சேர்த்துக் குழப்பாதீர்கள் என்று ஒரு தமிழாசிரிய நண்பர் கோபித்துக்கொண்டார். குழப்பினால் என்ன? அங்கேயும் மேலே தெரிவது செடி கொடி விலங்குதான், பொருள் உள்ளே இருக்கிறது.

தளிர் விரியும்போது இலை கிட்டத்தட்டக் காலியாக இருக்கும். காற்றிலும் மழையிலும் பனியிலும் வித்துகள் வந்து விழும், இலைத்துளை வழியாகவோ தோலைத் துளைத்தோ உள்ளே போகும், செல்களுக்கு நடுவில் தங்கும். இலை முதிர முதிரக் குடித்தனங்கள் கூடும். சென்னை விவேகானந்தா கல்லூரியில் டி.எஸ். சூர்யநாராயணனும் அவரது மாணவர்களும் 1990களிலிருந்து அலையாத்திக் காடுகளிலும் முதுமலை மரங்களிலும் இதைத் தேடினார்கள். அவர்கள் கண்டதில் எனக்கு முக்கியமாகப் படுவது: நம் வெப்பமண்டலத்தில், உறவே இல்லாத பல மரங்களுக்குள் அதே சில பூஞ்சைகள் திரும்பத் திரும்பக் குடியிருக்கின்றன. இந்த மரத்துக்கு இந்தப் பூஞ்சை என்கிற பூர்வீக பாத்தியதை பெரும்பாலும் கிடையாது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் கே.எம். மேத்யூ 1967இல் உருவாக்கிய ராபினாட் ஹெர்பேரியத்தில் உலர்ந்த செடிகள் தாளில் ஒட்டப்பட்டிருக்கும், தாளுக்கு ஒரு பெயர். அது மகத்தான உழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் பச்சையாக இருந்தபோது அந்தத் தாளில் இருந்தது ஒரு கும்பல்.

பூஞ்சையை வெளியே எடுக்கும் முறை எளிது. கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம். இலையைக் கழுவி, ஆல்கஹாலிலும் ப்ளீச்சிங் கரைசலிலும் முக்கி மேல்தோலில் இருப்பதையெல்லாம் கொன்று, சிறு துண்டுகளாக வெட்டி, உருளைக்கிழங்குச் சாறு சேர்த்த அகார் தட்டில் வைப்பது. பாக்டீரியா முந்திக்கொள்ளாமல் இருக்க அதில் ஆன்டிபயாடிக் கலப்பது வழக்கம். ஆன்டிபயாடிக் தேடும் பயணம் ஆன்டிபயாடிக்கோடு தொடங்குகிறது! சில நாளில் துண்டின் வெட்டுவாயிலிருந்து இழைகள் கிளம்பும். அதைத் தனியே பிரித்து வளர்த்து, வளர்ந்த திரவத்தைக் கரைப்பானில் இறக்கி, ஒரு வட்டக் காகிதத்தில் தோய்த்து, பாக்டீரியா பரப்பிய தட்டில் வைத்தால், சுற்றிலும் எதுவும் வளராத ஒரு தெளிந்த வட்டம் தெரியலாம். மில்லிமீட்டரில் அளந்து கட்டுரை எழுதுகிறார்கள். இந்த வட்டத்தோடு முடிந்துபோன கட்டுரைகள் நம் நாட்டில் மலைபோல் கிடக்கின்றன. பினாயிலில் தோய்த்தாலும் வட்டம் வரும் என்பதை யாராவது சொல்ல வேண்டும். எந்தச் சேர்மம், எவ்வளவு, மனிதச் செல்லை என்ன செய்யும் என்ற கேள்விகள் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கின்றன. பதவி உயர்வுக்குப் புள்ளி எண்ணும் ஏற்பாடு அதற்கு முன்னாலேயே நிறுத்திவிடுகிறது.

வட்டத்தைத் தாண்டிப் போனவர்களும் உண்டு. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் வேம்பின் வேருக்குள் இருந்த க்ளோரிடியம் பூஞ்சையிலிருந்து ஜாவானிசின் என்ற சேர்மத்தைப் பிரித்து 2009இல் வெளியிட்டார்கள். புண்களில் சீழ்பிடிக்க வைக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாவை அது தடுக்கிறது. ஜாவானிசின் என்ற பெயரே பழையது, ஒரு ஃபுசேரியத்திலிருந்து 1940களில் கிடைத்தபோது வைத்தது. நம் வாடல் நோய்க்காரனின் சொந்தக்காரன்.

ஆஸ்பத்திரி வரைக்கும் வந்த கதை இன்னொன்று. ஜூனிபர் என்ற மரத்தின் பச்சை இலைக்குள் இருந்த ஹார்மோனீமா பூஞ்சையிலிருந்து என்ஃபூமாஃபங்கின் கிடைத்ததாக 2000இல் கட்டுரை வந்தது. அதை மாற்றியமைத்து உருவான இப்ரெக்ஸாஃபங்கர்ப் மாத்திரைக்கு, பெண்களுக்கு வரும் காண்டிடா தொற்றுக்காக, அமெரிக்கா 2021இல் அனுமதி தந்தது. நடுவில் 21 வருஷம். பூஞ்சைக்கு எதிரான மருந்து ஏன் இவ்வளவு அரிது? பாக்டீரியா நமக்குத் தூரத்து உறவு. பூஞ்சையின் செல் நம் செல்லுக்கு நெருங்கியது. அதைக் கொல்வது நம்மையும் கொல்லப் பார்க்கும். கையில் இருக்கும் மருந்துக் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் அசோல் என்ற குடும்பத்தை மனிதருக்கும் கொடுக்கிறோம், வாழை இலைப்புள்ளிக்கும் (ப்ரோபிகோனசோல்) அடிக்கிறோம். வயலில் அசோலுக்குப் பழகிய ஆஸ்பெர்ஜில்லஸ் நுரையீரலுக்குள் வந்தால் ஆஸ்பத்திரி அசோலுக்கும் அசைவதில்லை என்பது பல நாடுகளில் உறுதியாகியிருக்கிறது. படர்தாமரையும் இப்போது டெர்பினாஃபினுக்கு மசிவதில்லை. மாசக்கணக்கில் மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கிப் பூசி, வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இருக்கிறவர்கள் நம்மைச் சுற்றி எத்தனைபேர்! அந்தப் பூஞ்சைக்கு 2020இல் 'ட்ரைகோஃபைட்டான் இண்டோடினியே' என்று இந்தியாவையே பெயரில் ஏற்றிவிட்டார்கள். நோய்க்கு நம் பெயர், மாத்திரைக்கு அவர்கள் பெயர்.

அப்படியென்றால் நம் மரங்களில் இன்னும் வேகமாகத் தேட வேண்டியதுதானே? இங்கேதான் பூஞ்சை ஒரு முட்டுக்கட்டை போடுகிறது. இலையிலிருந்து எடுத்துத் தட்டில் தனியே வளர்த்தால், முதலில் கொஞ்சம் சேர்மம் தரும்; தட்டுத் தட்டாக மாற்றி வளர்க்க வளர்க்கப் பல பூஞ்சைகள் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடும். பசிபிக் யூ மரத்தின் பூஞ்சை ஒன்று டாக்சால் உண்டாக்குகிறது என்று 1993இல் பெரிய பரபரப்பு. கிடைத்ததோ லிட்டருக்கு நானோகிராம் கணக்கு. 2013இல் ஜெர்மனியில் மறுபரிசீலனை செய்தவர்களுக்கு, பூஞ்சை அதைத் தானாகச் செய்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மரபணுவைப் படித்தால் சேர்மங்களைச் செய்வதற்கான தொகுதிகள் பூஞ்சைகளில் டஜன்கணக்கில் இருக்கின்றன, பெரும்பாலானவை ஆய்வகத்தில் ஊமை. 2009இல் யேனா நகரத்து ஆய்வு ஒன்று (இது உள்ளுறைப் பூஞ்சை இல்லை, ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ்) இதைத் தெளிவாக்கியது. மண் பாக்டீரியா ஒன்றோடு சேர்த்து வளர்த்தபோது ஊமைத் தொகுதி ஒன்று பேசியது. பாக்டீரியா வளர்ந்த திரவத்தை மட்டும் ஊற்றினால் போதவில்லை. உடல் உடலைத் தொட வேண்டியிருந்தது.

ராபர்ட் கோக் காலத்திலிருந்து நுண்ணுயிரியல் 'தூய வளர்ப்பு' என்ற முறையின்மேல் நிற்கிறது. ஒன்றைத் தனிமைப்படுத்து, அப்புறம் அறி. தொடுகையை விலக்கும் இந்தத் தூய்மையைச் சாதித் தூய்மையோடு நேராகச் சமன்படுத்துவது சோம்பேறித்தனம். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த முறை அது. ஆனால் அது அறியவிடாமல் செய்வது எதை என்று கேட்கலாம். சேர்மம் என்பது பூஞ்சையின் சொத்தும் அல்ல, மரத்தின் சொத்தும் அல்ல, இரண்டுக்கும் நடுவில் நடக்கிற ஒரு பேச்சு என்றால், அதை எழுதிய ஆசிரியன் யார்?

சட்டம் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறது. நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜெ) பிரிவு தாவரத்துக்கும் அதன் பகுதிகளுக்கும் காப்புரிமை கிடையாது என்கிறது, 'நுண்ணுயிர்கள் நீங்கலாக'. இயற்கையில் உள்ளதை உள்ளபடியே எடுத்து உரிமை கேட்க முடியாது. கொஞ்சம் மாற்றினால் கேட்கலாம். ஆக இலை யாருக்கும் சொந்தமில்லை, இலைக்குள் இருப்பது சொந்தமாகலாம். இலையில் இல்லாத கோட்டைச் சட்டம் கிழிக்கிறது. வேப்பெண்ணெயைப் பூஞ்சைக்கொல்லியாகப் பயன்படுத்த டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் அமெரிக்க வேளாண்துறையும் 1994இல் ஐரோப்பாவில் வாங்கிய காப்புரிமை 2000இல் ரத்தாகி, 2005இல் மேல்முறையீடும் தோற்றது. 'இது எங்கள் விவசாயிகளுக்கு முன்னமே தெரியும்' என்ற வாதத்தால் கிடைத்த வெற்றி அது. வேம்பின் வேருக்குள் இருக்கிற க்ளோரிடியத்தைப் பற்றி எந்தப் பாட்டிக்கும் தெரியாது. அந்த வாதம் இங்கே செல்லாது. மரபறிவைப் பாதுகாப்போம் என்கிற நம் இயக்க மொழி இந்த இடத்தில் கையை விரிக்கிறது. மிஞ்சுவது 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம். அது நுண்ணுயிரையும் உயிர்வளம் என்று கணக்கில் எடுத்து, சென்னையில் இருக்கும் தேசிய ஆணையத்தின் கையில் கொடுத்தது. பொதுவாகக் கிடந்தது அரசுக் கோப்புக்குள் போனது. 2023 திருத்தம் சிறைத் தண்டனையை நீக்கி அபராதம் ஆக்கி, கோப்பையும் தளர்த்திவிட்டது.

ஸ்ரீரங்கத்தின் தலவிருட்சம் புன்னை. அதே கோயிலின் சக வருஷம் 1415 (1493) கல்வெட்டு, கருடவாகன பட்டர் அங்கே ஆரோக்கியசாலையைப் புதுப்பித்து தன்வந்திரியை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. மருந்தின் அதிகாரம் மதிலுக்குள் பரம்பரையாக இருந்ததற்குச் சாட்சி. ஏழு மதில்களில் வெளி மதில்களுக்குள் ஒரு ஊரே குடியிருக்கிறது. எது கோயில், எது ஊர் என்று பால்காரருக்கும் சரியாகச் சொல்ல வராது. இப்போது அந்தப் புன்னையில் ஒரு இலையை ஆய்வுக்குப் பறிக்க நினைத்தால், மரம் ரங்கநாதருக்குச் சொந்தம் (தெய்வம் சட்டப்படி ஒரு நபர்), நிர்வாகம் அறநிலையத் துறை, உயிர்வளம் என்ற வகையில் ஆணையம், காப்புரிமை வந்தால் அது ஆய்வகத்துக்கு. இலைக்குள் இருக்கும் பூஞ்சையின் வித்து, போன ஐப்பசி மழையில், கொள்ளிடக் கரையில் மருந்தடிக்காமல் விட்ட யாரோ ஒருவரின் வாழைத் தோட்டத்திலிருந்து வந்திருக்கலாம். அவருக்கு எந்தப் படிவத்திலும் இடம் கிடையாது.